பெரியவர் திரும்பி வந்த வீடு

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்தால் சிங்கப்பூரின் பிடோக் நார்த்தில் எங்கள் புளோக்கைச் சுற்றிக் காகிதம் எரிகிற வாடைதான். சீனர்கள் முன்னோருக்காக எரிக்கும் தங்கத்தாள், நரக வங்கி நோட்டு, காகிதச் சட்டை, காகித வீடு. மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் அந்தக் கரி வாடை ஈரத்தோடு கலந்து, படிக்கட்டு வழியாக ஏறி, கேட்காமலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஆண்டு கீழே மின்தூக்கிக்காக நின்றபோது, ஒரு குடும்பம் தொட்டியில் காகித ஐபோன் ஒன்றைப் போடுவதைப் பார்த்தேன். கூடவே ஒரு காகித சார்ஜர். யாரோ நன்றாக யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த சார்ஜர்தான் அப்பாயியை ஞாபகப்படுத்திவிட்டது. இறந்தவர்களுக்கு எதெது தேவைப்படும் என்பதில் அப்பாயிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தாத்தாவுக்குப் படையல் போட்டால் சுருட்டு வைப்பார். சுருட்டோடு மறக்காமல் தீப்பெட்டியும் வைப்பார். "பத்த வைக்க அங்க யார்கிட்டப் போய் நெருப்புக் கேப்பாரு?" என்பார். ஆனால் இதே அப்பாயிதான், தாத்தா எங்கும் போய்விடவில்லை, என் தம்பியாகப் பிறந்து கூடத்தில் தவழ்ந்துகொண்டிருக்கிறார் என்றும் அடித்துச் சொல்வார். அப்படியானால் சுருட்டு யாருக்கு, பால்புட்டி யாருக்கு? பத்து வயதில் எனக்கு இது பெரிய குழப்பம். கேட்டால் அம்மா முறைப்பார். அப்பாயி சிரிப்பார்.

தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போருக்கு முன்பே கப்பலேறி வந்தவர். சாங்கியில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தில் வேலை. 1971-ல் வெள்ளைக்காரர்கள் படையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியபோது அந்த வேலையும் கிளம்பிவிட்டது. தளத்தில் போட்டிருந்த இடுப்பு வாரை மட்டும் அவர் விடவில்லை. பித்தளை பக்கிளை வாரம் ஒருமுறை பிராசோ போட்டுத் துடைப்பார். கம்பத்து வீட்டைக் காலி செய்து அடுக்குமாடிக்கு வந்தபோது அவருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பிடோக்கிலும் சிக்லாப்பிலும் இருந்த குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுபோய் ஈஸ்ட் கோஸ்ட் கடலைத் தூர்த்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். "மலையை எடுத்துக் கடல்ல போட்டான். மனுஷன எடுத்து ஆகாசத்துல போட்டுட்டான்" என்று ஜன்னலோரம் உட்கார்ந்து முனகிக்கொண்டிருப்பார். புது வீட்டில் அவர் அதிக காலம் இருக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் அடக்கம்தான் வழக்கம். சுவா சூ காங்கில், அந்த வாரோடுதான் அடக்கம் செய்தார்கள். அப்போது அம்மா மூன்று மாதம்.

தம்பி பிறந்ததும் செவிலி துணியை விலக்கிக் காட்டினாராம். இடது காதுக்குப் பின்னால் மிளகளவு ஒரு மச்சம். தாத்தாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. அத்தோடு விவகாரம் முடிந்துபோயிற்று. அப்பா தாத்தாவின் பெயரையே வைத்தார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. புருஷன் பெயரை அப்பாயி வாயால் சொல்ல மாட்டார். மாமனார் பெயரை அம்மா சொல்ல மாட்டார். ஆக, வீட்டில் இருந்த இரண்டு பெண்களாலும் அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அம்மா 'தம்பி' என்று சமாளித்துக்கொண்டார். அப்பாயி 'பெரியவரே' என்றார். "பெரியவரே, பால் குடிங்க." "பெரியவரே, மூத்திரம் போயிட்டீங்களா?" தம்பிக்குத் தன் முழுப்பெயர் பாலர் பள்ளி ஆசிரியை வருகைப்பதிவு எடுத்தபோதுதான் தெரிந்தது. முதல் நாள் கையையே தூக்கவில்லையாம்.

இந்தப் பதவியைத் தம்பி வெகு சீக்கிரம் புரிந்துகொண்டான். மீன்குழம்பில் தலைப்பகுதி அவனுக்கு. கோழியில் ஈரல் அவனுக்கு. நான் மைலோ கேட்டால் "காலையில குடிச்சல்ல பாப்பா" என்று பதில் வரும். அவன் கேட்டால் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். ஒருமுறை அப்பா அவனை அடிக்கக் கை ஓங்கியபோது அப்பாயி குறுக்கே வந்து, "பெத்த அப்பனையாடா அடிக்கப் போறே?" என்றார். அப்பாவின் கை அந்தரத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு அப்பா அவனை அடித்ததாக ஞாபகம் இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் எனக்கு மட்டும்தான் கிடைத்தது.

எதிர்வீட்டு ஆ சிம்முக்கும் இதில் பெரிய ஈடுபாடு. அவர் ஹொக்கியன், அப்பாயிக்குத் தமிழ். இருவரும் பேசிக்கொண்டது பசார் மலாயில், அதுவும் ஆளுக்கொரு மாதிரி. "லாக்கி சூடா பாலெக்" என்று அப்பாயி தம்பியைக் காட்டிச் சொல்வார். புருஷன் திரும்பி வந்துட்டாரு. ஆ சிம் குனிந்து குழந்தையின் காதைப் பார்த்துத் தலையாட்டுவார். நம்பாத முகமே கிடையாது. அவருடைய சந்தேகம் வேறு: வருவதற்கு முன் சூப் குடித்தாரா, இல்லையா?

அந்த சூப் என்ன என்பது எனக்கு ஒரு சீனப் புத்தாண்டு விடுமுறையில்தான் புரிந்தது. ஆ சிம் எங்கள் எல்லாரையும் பாசிர் பாஞ்சாங்கில் இருக்கும் ஹா பார் வில்லாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தைலம் விற்றுப் பணக்காரரான ஆவ் பூன் ஹா, தன் தம்பிக்காக 1937-ல் கட்டிய இடம். அப்போது எல்லாரும் டைகர் பாம் தோட்டம் என்றுதான் சொல்வோம். அங்கே நரகத்தின் பத்து நீதிமன்றங்களைச் சிமெண்டுச் சிலைகளாகச் செய்துவைத்திருக்கிறார்கள். என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் நாக்கு அறுப்பதையும், கத்தி மலையில் தள்ளுவதையும், அன்றிரவு தூக்கம் வராததையும் சொல்வார்கள். எனக்கு மனதில் நின்றது பத்தாவது மன்றம். அங்கே யாரையும் அறுப்பதில்லை. தண்டனை முடிந்த ஆவிகளுக்கு மெங் போ என்கிற கிழவி ஒரு கோப்பை கொடுக்கிறாள். ஆ சிம் அதை சூப் என்பார், சிலர் தேநீர் என்பார்கள். குடித்ததும் போன பிறவி முழுக்க மறந்துவிடும். பிறகு சக்கரத்தில் ஏறி மனிதனாகவோ மாடாகவோ பிறக்க வேண்டியதுதான்.

அப்பாயி அந்தக் கிழவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பேருந்தில் திரும்பும்போது, "நல்ல ஏற்பாடு. நம்ம சாமிங்களுக்கு இது தோணல பாரு" என்றார். சற்றுக் கழித்து, "ஆனா இவரு பாதி கோப்பைதான் குடிச்சிருப்பாரு. மிச்சம் வைக்கிற பழக்கம் உண்டு" என்று மடியில் தூங்கிய தம்பியைத் தட்டிக்கொடுத்தார்.

கீழ் மாடியில் இருந்த மலாய் மக்சிக்குக்கு இந்தப் பேச்சுகளில் நம்பிக்கை இல்லை. போனவர் போனவர்தான், தீர்ப்பு நாள் வரை காத்திருப்பார் என்பது அவர் மார்க்கம். ஆனாலும் தாத்தா திதிக்கு நாங்கள் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொள்வார். நோன்புப் பெருநாளுக்கு அவர் குயே கொடுப்பார். யாரும் யாரையும் வாதத்துக்கு இழுத்ததில்லை. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

என் குழப்பத்துக்கு முதலில் பதில் சொன்னவர் பண்டாரம். வருஷத் திதிக்கு வீட்டுக்கு வந்து, பிண்டம் உருட்டி, ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைக்கச் சொன்னார். நான் கேட்டுவிட்டேன்: "தாத்தாதான் தம்பியாப் பொறந்துட்டாரே, காக்காவுக்கு வச்ச சோறு யாருக்குப் போவும்?" அம்மாவின் கை என் தொடையைக் கிள்ள வருவதற்குள் பண்டாரம் சிரித்துவிட்டார். "ஒங்கப்பா செராங்கூன் ரோட்டுல வெள்ளியக் கட்டுறாரு. ஊர்ல ஒங்க பெரியத்தாவுக்கு ரூவாயாத்தானே கெடைக்கிது? நாம கட்டுறது ஒண்ணு, அங்க கெடைக்கிறது ஒண்ணு. அவரு புல்லு திங்கிற பிறவியா இருந்தா இது புல்லாப் போயிச் சேரும்" என்றார். காஞ்சிப் பெரியவர் 'தெய்வத்தின் குர'லில் சிராத்தத்துக்குக் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு மணியார்டர் கதை சொல்லியிருப்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். எங்கள் பண்டாரம் அதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். செராங்கூன் ரோட்டில் வாழ்ந்தவருக்கு அது தானாகவே தோன்றியிருக்கும்.

பதில் கேட்டு அப்பாவுக்குத் திருப்தி. எனக்கு இல்லை. அப்படியானால் இன்று மத்தியானம் தம்பியின் பால்புட்டியில் ஒரு பிடி சோறு வந்து சேருமா? தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஆனால் அன்று ஆ சிம் எதிர்பாராமல் அவனுக்கு ஒரு தட்டு ஆங் கூ குயே கொண்டுவந்தார். அப்பாயி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

காகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் காணும் வீட்டுக்காகம் இந்தத் தீவின் பறவை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், காப்பித் தோட்டங்களில் புழுவைத் தின்னவென்று சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து பெருகிக் கீழே இறங்கிற்று. ஆக, காகமும் நம்மைப்போல் தோட்ட வேலைக்கு வந்ததுதான். ஆனால் இங்கே அதைத் தொல்லை என்று எழுதிவைத்தார்கள். முன்பெல்லாம் அதிகாலையில் மேலங்கி போட்ட ஆட்கள் துப்பாக்கியோடு வந்து மரங்களில் அடைந்த காகங்களைச் சுடுவார்கள். ஒருமுறை அமாவாசைக்கு முதல் நாள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் புல்தரையில் இலை போட்டு அப்பாயி "கா, கா" என்று கூப்பிட, நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. "யார் வூட்டுப் பெரியவங்கள எல்லாம் சுட்டானுங்களோ" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். கடைசியில் ஒரு மைனா வந்து கொத்தியது. "சரி, யாராவது ஒருத்தர் வந்தாப் போதும்" என்று எழுந்தார். இப்போது சுடுவது நின்றுவிட்டது. ஆனால் 2020 முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டப்படி பறவைக்குச் சோறு வைத்தாலும் அபராதம். எங்கள் தலைமுறை பிண்டத்தைக் கடலில் கரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் கேள்விகளும் வளர்ந்தன. அம்மா மூன்று மாதமாக இருந்தபோதுதான் தாத்தா போனார் என்றால், அதற்கு முந்தைய மூன்று மாதம் அம்மா வயிற்றில் இருந்தது யார்? உலகத்தில் ஜனத்தொகை ஏறிக்கொண்டே போகிறதே, புது உயிர்கள் எங்கேயிருந்து வருகின்றன? இவற்றைச் சிலோன் ரோடு ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தேவாரம் சொல்லித்தருபவர், சந்தேகம் கேட்டால் கோபிக்கவே மாட்டார். "நல்ல கேள்வி பிள்ளை" என்று ஆரம்பிப்பார்.

கருவோடு உயிர் சேர்வது ஏழாம் மாதம் என்று கர்ப்போபநிடதம் சொல்கிறது என்றார். அப்பாயியின் கணக்கு அத்தோடு தப்பித்தது. ஜனத்தொகைக்கு அவர் சொன்னது சைவ சித்தாந்த விடை: உயிர்களை யாரும் படைக்கவில்லை. பதி, பசு, பாசம் மூன்றும் ஆதியில்லாதவை. உயிர்களுக்கு எண்ணிக்கை கிடையாது. பிறவி வகை எண்பத்து நான்கு நூறாயிரம். மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் புல்லில் தொடங்கி அந்த வரிசையைச் சொல்லிக்கொண்டு போவார். மனிதர் கூடினால் வேறெங்கோ வேறேதோ குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு உடனே எங்கள் பக்கத்தில் வெட்டப்பட்ட ரப்பர் மரங்களும், கம்பத்தில் இருந்த ஆடு கோழிகளும் நினைவுக்கு வந்தன. ஒருவேளை அவைதான் புளோக் புளோக்காக மேலே குடிவந்திருக்கின்றனவோ என்று நினைத்துச் சில நாள் மின்தூக்கியில் வருகிறவர்களின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாலான் யூனோசில் இருக்கும் சிங்கள பௌத்த விகாரைக்காரர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள் என்றும் அந்தப் பெரியவரே சொன்னார். அவர்களுக்கு நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை. ஆனால் மறுபிறப்பு உண்டு. போகிறவர் இல்லாமல் போக்கு மட்டும். அதை விளங்கிக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு பிறவி வேண்டும்.

வேலைக்குப் போன பிறகு, நூலகத்தில் இயன் ஸ்டீவன்சன் எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர். முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொன்ன பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, இருபது பேர் கதையை 1966-ல் வெளியிட்டவர். இந்தியாவில் ஏழு, சிலோனில் மூன்று. இரண்டு மூன்று வயதில் பேசத் தொடங்கும் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூட வயதில் ஒவ்வொருவராக மறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். ஆ சிம்மின் சூப் சற்றுத் தாமதமாக வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அவருக்கு முன்பே 1930-களில் டெல்லியில் சாந்தி தேவி என்ற சிறுமி, தான் மதுராவில் வாழ்ந்து, பிள்ளை பெற்றுச் செத்தவள் என்று சொல்ல, காந்தி வரைக்கும் அது போய், ஒரு குழு அமைத்து அவளை மதுராவுக்கு அழைத்துப்போனார்கள்.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. ஸ்டீவன்சனோடு வேலை செய்த பெங்களூரு நிம்ஹான்ஸ் உளவியலாளர் சத்வந்த் பஸ்ரிச்சா, தென்னிந்தியாவில் மட்டும் இத்தகைய கதைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டு ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டைப் பார்த்திருந்தால் அவருக்கு ஒரு விடை கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். வடக்கே செத்தவர் வேறு ஊரில், வேறு வீட்டில் பிறக்கிறார். பிள்ளை முகவரி சொல்கிறது, அப்பா அழைத்துப்போகிறார், ஊர் கூடுகிறது, பத்திரிகையில் வருகிறது. நம்மவர்களோ செத்தால் சொந்த வீட்டிலேயே பிறந்து, ஈரலையும் மீன்தலையையும் வாங்கிக்கொள்கிறார்கள். யார் போய் யாரிடம் புகார் கொடுப்பது? ஸ்டீவன்சனின் இருபதில் ஏழு கதைகள் அலாஸ்காவின் திலிங்கித் பழங்குடியினருடையவை. அவர்களும் எங்களைப் போலத்தான்: போனவர் தாய்வழிக் குடும்பத்திலேயே திரும்புவார், உடம்பில் இருக்கும் மச்சம் அடையாளம். பனிக்கட்டி தேசத்தில் அப்பாயிக்கு ஒரு சம்பந்தி கிடைத்த மாதிரி இருந்தது.

தம்பி மட்டும் ஒருநாளும் தாத்தாவாக ஒன்றும் பேசவில்லை. அப்பாயி விடாமல் சோதிப்பார். தாத்தாவின் பழைய வானொலியைக் காட்டி "இது யாரோடது பெரியவரே?" என்பார். "ஆ சிம்மோடது" என்பான் அவன்.

சுவா சூ காங்கில் ஒரு குழிக்கு 15 ஆண்டுதான் என்று 1998-ல் விதி வந்தது. பழைய குழிகளைப் பகுதி பகுதியாகத் தோண்டத் தொடங்கினார்கள். தாத்தாவின் வரிசை வந்தபோது தம்பிக்குத் தேசிய சேவை முடிந்து வேலை கிடைத்திருந்தது. அப்பாவோடு அவனும் நானும் போனோம். பெண்கள் போகக்கூடாது என்று உறவில் சிலர் சொன்னார்கள். அப்பாயி, "அவளும் போவட்டும், அவதான் கேள்வி கேப்பா" என்று அனுப்பிவைத்தார்.

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. மேலே தார்ப்பாய், ஒரு விளக்கு. மண்வெட்டி போட்டுத் தோண்டிய இளைஞன் குரலைக் கேட்டால் புதுக்கோட்டைப் பக்கம். ஓரளவு ஆழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அளைந்தான். எலும்பு நான் நினைத்ததுபோல வெள்ளையாக இல்லை. தேநீர்க் கறை நிறம். ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணை விரலால் வழித்து, ஒரு நெகிழித் தட்டில் வரிசையாக வைத்தான். தொடை எலும்பை வைக்கும்போது மட்டும் இரண்டு கையாலும் பிடித்தான். பிறகு பச்சை பூத்த ஏதோ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினான். பக்கிள். தோல் முழுக்க மக்கிப்போயிருந்தது. அப்பா அதை வாங்கிச் சட்டை நுனியால் துடைக்கப் பார்த்தார்; துடைத்தால் போகிற பச்சையா அது?

தம்பி குழியோரம் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் உயரமாத்தான் இருந்திருக்கேன்" என்றான். அப்பா சிரித்தார். அவர் அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

சாவகத்து அரசன் புண்ணியராசன் கதை அங்கே நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. மணிமேகலையில் வருகிறவன். முற்பிறவியில் அவன் ஆபுத்திரன். அமுதசுரபியைக் கையில் வைத்துக்கொண்டு பசித்தவர்க்கு ஊட்டியவன். கப்பல்காரர்கள் ஆளில்லாத மணிபல்லவத்தில் தவறவிட்டுப் போய்விட, ஊட்ட ஆளில்லாமல் தானும் உண்ணாமல் உயிர் விட்டவன். அவன் மறுபடி பிறந்தது நமக்குப் பக்கத்தில், சாவக நாட்டில். மணிமேகலை அவனைத் தீவுக்கு வரச்சொல்லி, அங்கே அவன் மணலைத் தோண்டித் தன்னுடைய பழைய எலும்புகளைத் தானே பார்க்கிறான். தமிழில் இதைவிட விநோதமான காட்சி எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாத்தனார் அங்கே ஆன்மாவைப் பற்றிப் பிரசங்கம் வைத்து நிறுத்தவில்லை. திகைத்து நிற்கிற அரசனைப் பார்த்து மணிமேகலை, நீ இங்கே நின்றால் உன் நாடு என்னாவது, போய் உயிர்களுக்குச் சோறும் துணியும் இருக்க இடமும் கொடு என்று கப்பலேற்றி அனுப்புகிறாள். அவ்வளவுதான். எலும்பைப் பார்த்தாயிற்று, போய் வேலையைப் பார்.

மண்டாயில் எரியூட்டி, சாங்கியில் படகு பிடித்துக் கடலில் கரைத்துவிட்டு வீடு திரும்பினோம். அப்பாயி பக்கிளை வாங்கிப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "எங்கயாவது வலிச்சுச்சா பெரியவரே?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவா என்று இன்றைக்கும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு.

இதுவரை சொன்னதை வைத்து அப்பாயியை ஒரு வெகுளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுத்த புளோக்கில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களுடைய மூத்த பையனுக்குப் பிறந்ததிலிருந்து நடக்க முடியாது, பேச்சும் வராது. ஒரு கருமாதி வீட்டில், கீழ்த்தளத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது, அந்தத் தாயின் காதில் விழும்படியே ஒரு பெண்மணி, "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணாங்களோ" என்றார். அனுதாபமாகச் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. அப்பாயி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "போன ஜென்மத்துக் கணக்கு நோட்டு ஒங்கிட்ட இருக்கா? எடு, எல்லாரும் பாப்போம். மொதல்ல ஒன்னோட பக்கத்தைத் தொற" என்றார். அந்தப் பக்கமே அமைதியாகிவிட்டது. திரும்பி வரும்போது, "நம்பிக்கைன்னா நம்மள வரைக்கும்தான் பாப்பா. அடுத்தவ புள்ள மேல அத ஏத்தக் கூடாது" என்று மட்டும் சொன்னார். மறுநாள் மீன்குழம்பு வைத்து அந்த வீட்டுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார். அந்த வாரம் தலைப்பகுதி தம்பிக்குக் கிடைக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையை வகுப்பில் படித்தபோது எனக்கு இதுதான் உறுத்தியது. கோவலன் வெட்டுண்டு, மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது, மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் வந்து காரணம் சொல்கிறது. முற்பிறவியில் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தவன்தான் கோவலனாகப் பிறந்தானாம். சிங்கபுரம் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆசிரியர், "நம்ம ஊர் இல்ல, ஒக்காருங்க" என்றார். கணவனைப் பறிகொடுத்தவளிடம் போய் இப்படி ஒரு கணக்கைச் சொல்ல அந்தத் தெய்வத்துக்கு எப்படி மனம் வந்தது? அதைவிட எனக்குப் பாண்டியன் பிடிக்கும். அவனும் ஊழ்வினை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. குற்றம் தன்னுடையது என்று ஒப்பிச் சிங்காதனத்திலிருந்து விழுந்து செத்தான்.

அப்பாயி போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. "இனி ஒரு பிறவி வேணாம்டியம்மா" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே, "அடுத்த ஜென்மத்துலயாவது அரிசி களையாத வேலைக்குப் போவணும்" என்றும் சொன்னவர். அவரைப் புதைக்கவில்லை, மண்டாயில் தகனம். பதினாறாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமையில் விழாததால் முன்பின்னாக வைத்துக்கொண்டோம். இப்போது எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அடுத்த ஆண்டு தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனைக்கு வந்த அத்தைகள் ஆளுக்கொரு பக்கம் துணியை விலக்கி மச்சம் தேடினார்கள். முழங்காலில் ஒன்று இருந்தது. அப்பாயிக்கும் அங்கே இருந்ததாக ஒரு அத்தை சத்தியம் செய்தார். தம்பி குழந்தையை வாங்கித் துணியைச் சுற்றினான். "நான் இருபத்தஞ்சு வருஷம் தாத்தாவா இருந்தேன், அத்தை. ஈரல் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இது இதுவாவே இருக்கட்டும்" என்றான். யார் பெயரும் இல்லாத ஒரு புதுப் பெயரை வைத்தான். அம்மா அதைத்தான் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், இத்தனை காலம் கூப்பிடாததற்கும் சேர்த்து.

மறுபிறவியை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த நம்பிக்கையில்தான் வளர்ந்தேன், அதனால் எங்கள் வீட்டில் ஒரு கிழவி துக்கத்தைத் தாண்டினார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு, நோயாளி படுத்திருக்கிற வீடு, நடக்க முடியாத குழந்தை இருக்கிற வீடு என்று உங்கள் புளோக்கிலும் ஒன்று இருக்கும். அங்கே போகும்போது கையில் ஒரு வேளைச் சாப்பாடு இருக்கட்டும். 'போன ஜென்மத்துல' என்று தொடங்குகிற பேச்சை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.